சிறு படகில் மீன் காட்டும் கருவி: பொருத்துவதும் பவர் கொடுப்பதும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

முன்னுரை

வகுப்பில் நாம் படிக்கும் ஓம் விதி, பியூஸ், வோல்ட்டேஜ் டிராப் எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் கரையிலிருந்து பத்து மைல் தள்ளி, இருட்டில், ஒரு பைபர் படகில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது இதே ஓம் விதிதான் அவர்களுக்கு வெளிச்சம் இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்கிறது. அதை விளக்க நான் எடுத்துக்கொண்ட கருவி ‘எக்கோ சவுண்டர்’. ஆங்கிலத்தில் பிஷ் பைண்டர் என்றும், நம் கரைகளில் சுருக்கமாக எக்கோ என்றும் மெஷின் என்றும் சொல்வார்கள்.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல். அதனால் லீவுக்குப் போனால், எந்தப் படகில் எது ஓடவில்லை என்றாலும் “எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் வந்துட்டான், கூப்பிடு” என்கிறார்கள். அப்படிப் போய்ப் பார்த்த இடங்களில் கருவிக்குள் கோளாறு இருந்தது குறைவு. கோளாறெல்லாம் பேட்டரியிலும் வயரிலும் டிரான்ஸ்டியூசர் வைத்த இடத்திலும்தான். ஆகவே இக்கட்டுரையில் கருவியின் உள்சர்க்யூட்டைப் பற்றி அதிகம் பேசாமல், அதைப் பொருத்துவது பற்றியே பேசப் போகிறேன்.

1. ஒலியும் எதிரொலியும்

தண்ணீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது, ஒலி போகும். கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். படகின் அடியிலிருந்து ஒரு சின்ன ஒலித் துடிப்பைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று அளந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

ஆழம் = (வேகம் × நேரம்) ÷ 2

உதாரணமாக எதிரொலி 0.04 வினாடியில் வந்தால், 1500 × 0.04 ÷ 2 = 30 மீட்டர். போகவும் வரவும் ஆன நேரம் என்பதால் இரண்டால் வகுக்கிறோம். நம் கரையில் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி, அதாவது 1.83 மீட்டர். 30 மீட்டர் என்பது 16 பாகத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான கருவிகளில் பாகக் கணக்குக்கு மாற்றும் வசதி உண்டு. அதை முதலில் மாற்றிக் கொடுங்கள். பயன்படுத்துகிறவர் மனதில் இருக்கும் கணக்கும் திரையில் வரும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த ஒலியை உண்டாக்குவதும் கேட்பதும் டிரான்ஸ்டியூசர். அதற்குள் இருப்பது பீசோ எலக்ட்ரிக் பீங்கான் வில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும். அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். இந்தத் தன்மையை 1880-ம் ஆண்டு பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். டைட்டானிக் கப்பல் 1912-ல் மூழ்கிய பிறகு, பனிப்பாறையை ஒலியால் கண்டுபிடிக்கும் முயற்சி வேகம் பிடித்தது. முதல் உலகப் போரின்போது லான்ஜெவின் என்ற விஞ்ஞானி குவார்ட்ஸ் படிகத்தை வைத்து நீருக்கடியில் அல்ட்ராசோனிக் ஒலி அனுப்பினார். 1948-ல் ஜப்பானில், படகுகளுக்கு மின்சார வேலை பார்த்து வந்த புருனோ சகோதரர்கள் மீனவருக்குப் பயன்படும் மீன் காட்டும் கருவியைச் செய்து காட்டினார்கள். கடற்கரையில் ரிப்பேர் வேலை பார்த்தவர்கள் செய்த கருவி இது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சிறு படகுகளில் வழக்கமாக வருவது 50 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும். 200-ல் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர்தான், ஆகவே சிறு பொருளும் பிரிந்து தெரியும், ஆனால் ஆழம் போகப் போகச் சீக்கிரம் வலுவிழக்கும். 50-ல் அலைநீளம் 30 மில்லிமீட்டர். ஆழமாகப் போகும், விவரம் குறையும். பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த கடலுக்கு 200 போதும்.

2. திரையில் தெரிவது என்ன?

பலர் நினைப்பது போல் திரை படகுக்கு முன்னால் இருப்பதைக் காட்டுவதில்லை. ஒலி ஒரு கூம்பு வடிவில் நேராகக் கீழே போகிறது. கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால் 30 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 10.5 மீட்டர் அகலமுள்ள வட்டத்தைத்தான் பார்க்கிறது. திரையின் வலது ஓரம்தான் ‘இப்போது’. இடப்பக்கம் நகர நகர எல்லாம் கடந்து போனவை. ஆகையால் முன்னால் பார் இருக்கிறதா என்று இதை மட்டும் நம்பி வேகமாகப் போகக் கூடாது. தரை மேலேறி வருவது தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் ஏன் வில் போல வளைந்து தெரிகிறது? மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம்; நேர் கீழே வரும்போது குறைவு; வெளியேறும்போது மறுபடி அதிகம். தூரத்தையே கருவி ஆழமாக வரைவதால் வளைவு வருகிறது. படகு நின்றுகொண்டிருந்தால் வில் வராது. அடியில் நிற்கும் மீன் நீளக் கோடாகத்தான் வரும்.

எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் பெரிய உடம்பு இருந்தும் மங்கலாகத் தெரியலாம். அதேபோல் கெட்டியான பாறைத் தரை தடித்த கோடாகவும், சில சமயம் அதற்குக் கீழே இரண்டாவது கோடாகவும் விழும். சேறு மெலிந்து மங்கும். வலை விரிப்பவருக்கு மீன் படத்தைவிட இந்தத் தரைக் கோடுதான் முக்கியம். பாரில் சிக்கி வலை கிழிந்தால் அன்றைய வருமானம் மட்டுமல்ல, வலைக்கு வாங்கிய கடனும் சேர்ந்து போகும்.

3. டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது. இரண்டாவது, அடியில் துளை போட்டு இறக்குவது. மூன்றாவது, துளை போடாமல் உள்பக்கத்தில் ஒட்டி, பைபர் வழியாகவே ஒலியை அனுப்புவது.

நம் கரைகளில் பல ஊர்களில் படகை மணலில் ஏற்றித்தான் நிறுத்துகிறார்கள். ஆள் வைத்தோ டிராக்டர் வைத்தோ இழுக்கும்போது வெளியே துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் பிய்ந்து போகும். ஆகவே துறைமுகத்தில் மிதந்தபடி நிற்கும் படகுக்கு முதல் வழியும், மணலில் ஏறும் படகுக்கு மூன்றாவது வழியும் பொருத்தம். அல்லது மேலே தூக்கி மடக்கக்கூடிய ஒரு குழாயின் முனையில் மாட்டலாம்.

உள்ளே ஒட்டும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒரே எதிரி காற்று. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் போக ஒலி மறுக்கும். ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். எனவே,

(அ) பைபர் ஒரே கெட்டியாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். உள்ளே நுரை அடைத்த இடமும் மரம் வைத்த இடமும் உதவாது.

(ஆ) ஓடும்போது எப்போதும் தண்ணீரில் இருக்கும் பின்பகுதியாக இருக்கட்டும். அணியம் அலையில் தூக்கும். மிகவும் பின்னால் போனால் காற்றாடியின் குமிழி வரும்.

(இ) ஒட்டுவதற்கு முன் சோதனை செய்யவும். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அந்த இடத்தை நனைத்து வைத்து, பைக்குள் டிரான்ஸ்டியூசரை நேராகப் பிடியுங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் பசை குழைக்க வேண்டும்.

(ஈ) எமரித்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மெதுவாக இறுகும் எப்பாக்சியை ஊற்றி, டிரான்ஸ்டியூசரை லேசாகத் திருகி அமுக்கவும். திருகும்போது குமிழிகள் வெளியேறும். இறுகும் வரை அசைக்கக் கூடாது.

இந்த முறையில் சிக்னல் கொஞ்சம் குறையும். வெப்பமானி உள்ள டிரான்ஸ்டியூசர் என்றால் கடலின் வெப்பத்துக்குப் பதில் படகின் வெப்பத்தைக் காட்டும். மற்றபடி நாற்பது ஐம்பது மீட்டர் ஆழத்துக்குள் வேலை செய்பவருக்குப் பெரிய குறை தெரியாது. டிரான்ஸ்டியூசர் வயர் நீளமாக இருக்கிறதென்று வெட்டிச் சேர்க்காதீர்கள். அது ஷீல்டு உள்ள கேபிள். மீதியைச் சுருட்டிக் கட்டிவிடலாம்.

4. எவ்வளவு பேட்டரி வேண்டும்?

கடைக்காரர் “பெருசா போடு” என்பார். படகுக்காரர் “இருக்கிறதே போதும்” என்பார். நாம் கணக்குப் போட வேண்டும். ஒரு இரவுப் பயணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு:

மீன் காட்டும் கருவி: 0.6 ஆம்பியர் × 10 மணி = 6 ஆம்பியர்-மணி

5 வாட் எல்.இ.டி. விளக்கு: 0.42 ஆம்பியர் × 8 மணி = சுமார் 3.3 ஆம்பியர்-மணி

வி.எச்.எப். ரேடியோ, கேட்கும் நிலை: 0.4 ஆம்பியர் × 10 மணி = 4 ஆம்பியர்-மணி

அதே ரேடியோ, பேசும் நிலை: 5 ஆம்பியர் × 6 நிமிடம் = 0.5 ஆம்பியர்-மணி

மொத்தம் 13.8 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் வற்ற விட்டால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆகவே இரண்டால் பெருக்கினால் 27.6. பழையதாக ஆக கொள்ளளவு குறையும் என்பதற்காகக் கால் பங்கு கூட்டினால் 34.5. அதாவது 35 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும்.

ஆனால் இங்கேதான் கேள்வி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பேட்டரியில் மாட்டலாமா? மீன் கிடைக்காத இரவில் கருவியை அணைக்க யாருக்கும் மனம் வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேடுவார்கள். விடியும் முன் பேட்டரி வற்றும். விளக்கு அணையும். ரேடியோ பேசாது. பெரிய கப்பல் போகும் பாதையில் விளக்கு இல்லாத பைபர் படகு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் என் கருத்து இதுதான்: மீன் தேடும் பேட்டரி வேறு, உயிர் காக்கும் பேட்டரி வேறு. கருவிக்கு மட்டும் 6 ஆம்பியர்-மணி என்றால் 12 அல்லது 15 ஆம்பியர்-மணியில் தனியாக ஒன்று. விளக்குக்கும் ரேடியோவுக்கும் மற்றொன்று. முதலாவது வற்றினால் நஷ்டம் மீன் மட்டும்தான்.

ஈய-அமில பேட்டரியின் நிலையை மல்டிமீட்டரிலேயே ஓரளவு அறியலாம். சார்ஜை எடுத்து, லோடு இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வில் வைத்துப் பார்த்தால் 12.7 வோல்ட் முழுமை; 12.2 பாதி, 11.9 ஏறக்குறைய காலி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்த வித்தை பலிக்காது. நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். முக்கால்வாசி தீரும் வரை வோல்ட்டேஜ் பெரிதாக அசையாது, கடைசியில் சட்டென்று விழும். ஆகவே அதில் மணிக்கணக்குத்தான் நம்பகம். எடை பாதிக்கும் குறைவு, எண்பது சதவீதம் வரை எடுக்கலாம், விலைதான் அதிகம்.

5. வயர், பியூஸ், இணைப்பு

பியூஸ் கருவியைக் காப்பாற்ற மட்டும் என்று நினைக்கிறோம். முதலில் அது வயரைக் காப்பாற்றுகிறது. ஒரு கணக்கு பாருங்கள். பேட்டரியிலிருந்து கருவி 6 மீட்டர். போகவர 12 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். மொத்தம் 0.096 ஓம். பேட்டரியின் உள்தடை 0.015 என்று வைத்துக்கொண்டால், கருவிப் பக்கம் இரண்டு வயரும் தொட்டுக்கொண்டால் ஓடும் கரண்ட் 12 ÷ 0.111 = 108 ஆம்பியர்! வயரில் மட்டும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூடு. அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு, டீசல் கேனுக்குப் பக்கத்தில். பைபர் எரியும் பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே 3 ஆம்பியர் பியூஸை பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடவும். கருவிக்குப் பக்கத்தில் மட்டும் போட்டால், அதற்கு முந்திய வயர் முழுவதும் பாதுகாப்பில்லாமல் இருக்கும். பியூஸ் போனால் கம்பியோ சிகரெட் தாளோ வைத்து ஓட்டாதீர்கள். உதிரி பியூஸ் இரண்டை அந்தப் பெட்டியிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். அப்போதுதான் கம்பி வைக்கும் ஆசை வராது.

அடுத்து, ரேடியோவும் கருவியும் ஒரே வயரில் வேண்டாம். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 12 மீட்டர் என்றால் 0.31 ஓம். ரேடியோவில் பேசும்போது 5 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். பேசுகிற ஒவ்வொரு முறையும் திரை அணைந்து எரிவதற்குக் காரணம் இதுதான். கருவியில் கோளாறு இல்லை.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விடவேண்டும். உப்புத் தண்ணீர் டேப்பின் அடியில் ஏறி, செம்பு இழைகளுக்கிடையே உள்ளே வரை போகும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், சரியான கிரிம்ப், அதன் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய், பேட்டரி முனையில் கொஞ்சம் வாஸ்லின். இவ்வளவு போதும். கருவிக்குள் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் திரையில் கோடு கோடாக வந்தால் அது மின் இரைச்சல். டிரான்ஸ்டியூசர் கேபிளை எஞ்சின் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் எதிர்ப் பக்கமாகக் கொண்டு போகவும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்செங்கோணத்தில் கடக்கவும்.

6. “மீட்டர்ல 12 காட்டுது, மெஷின் ஓடலை”

இந்த வசனத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். கருவியின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12.2 வோல்ட் காட்டும். “பவர் வருது, மெஷின்தான் போச்சு” என்று முடிவு கட்டி கடைக்கு எடுத்துப் போவார்கள். கடையில் நன்றாக ஓடும்! படகில் ஓடாது.

விளக்கம் முதலாண்டுப் பாடம்தான். எங்கோ ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்து 3 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மைக்ரோ ஆம்பியர்தான். அதனால் 3 ஓமில் டிராப் எதுவும் இல்லை, 12.2 அப்படியே தெரியும். கருவி ஆன் ஆகும்போது 0.8 ஆம்பியர் கேட்கிறது. 0.8 × 3 = 2.4 வோல்ட் களிம்பிலேயே போகிறது. கருவிக்கு மிஞ்சுவது 9.8. பல சிறு கருவிகள் 10 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும். அணைந்ததும் கரண்ட் நிற்கும். வோல்ட்டேஜ் மறுபடி 12.2-க்கு ஏறும். மீட்டர் பிடித்தவருக்கு எல்லாம் சரி போலத் தெரியும்.

ஆகவே லோடோடு அளக்க வேண்டும். பிளக்கில் ஒரு 12 வோல்ட் பைக் பல்பை மாட்டி எரியவிட்டுக்கொண்டு, பேட்டரி முனையிலும் பிளக்கிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதிகமானால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் அளவு குதிக்கிறதோ அங்கேதான் களிம்பு. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. ஒரு பைக் பல்பும் ஒரு மீட்டரும் ஒரு குடும்பத்துக்குப் புதுக் கருவி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

7. காயாக் போன்ற மிகச் சிறு படகு

காயாக் என்பது வடதுருவப் பகுதி மக்களின் தோல் படகிலிருந்து வந்தது. இன்று பிளாஸ்டிக்கில் செய்து, பல நாடுகளில் தூண்டில் போட வைத்திருக்கிறார்கள். நம் கட்டுமரம் போலத் தண்ணீரோடு தண்ணீராக இருக்கும். எஞ்சினும் இல்லை, சார்ஜ் ஏற்ற வழியும் இல்லை. 8 மணி நேரத்துக்கு 0.5 ஆம்பியர் என்றால் 4 ஆம்பியர்-மணி. யு.பி.எஸ்.-ல் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி பாதிக்கணக்கில் 3.5 தான் தரும், பற்றாது. அதே அளவு லித்தியம் 5.6 தரும்; போதும், எடையும் ஒரு கிலோ அளவுதான். பேட்டரியை மூடியுள்ள நீர்புகாப் பெட்டியில் வைத்து நடுவில், தாழ்வாக, கவிழ்ந்தாலும் நகராதபடி கட்ட வேண்டும். பெட்டிக்குள் மூடி வைத்தபடியே ஈய பேட்டரியைச் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஹைட்ரஜன் சேரும். காயாக்கின் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் எப்பாக்சி சரியாகப் பிடிக்காது என்பதையும் கவனிக்கவும்.

8. சார்ஜ்

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் சிறு டீசல் எஞ்சினில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் இருக்காது. கரையில் வீட்டில் சார்ஜ் ஏற்றுவதே வழக்கம். 20 வாட் சோலார் பலகை ஒன்று நல்ல வெயிலில் ஒரு நாளில் சுமார் 5 ஆம்பியர்-மணி கொடுக்கும். கருவியின் ஒரு இரவுச் செலவுக்கு அது கிட்டத்தட்ட ஈடு. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். லித்தியம் பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜரைத்தான் போட வேண்டும்.

முடிவுரை

கருவி மீனை உண்டாக்குவதில்லை. இருக்கிற மீனைக் காட்டுகிறது. குஞ்சுக் கூட்டத்தையும் அதே திரைதான் காட்டும். வலையை விடுவதா வேண்டாமா என்பது மனிதர் முடிவு. அதேபோல் நீரோட்டத்தையும் காற்றையும் படித்த பெரியவர்களின் அறிவுக்கு இது மாற்று அல்ல. ஆனால் அவர்கள் ஆம்பியர்-மணி படிக்கவில்லை, நாம் படித்திருக்கிறோம். அதை அவர்களுக்குப் புரியும் கணக்கில் சொல்வது நம் வேலை.

சுருக்கமாக: டிரான்ஸ்டியூசருக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. பேட்டரியை மணிக்கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். வோல்ட்டேஜை லோடோடு அளக்க வேண்டும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் தனி பேட்டரி. இந்த ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி, கடலோர ஊர்களிலிருந்து வரும் நண்பர்கள் இந்த விடுமுறையில் ஒரு மீட்டரோடும் ஒரு பைக் பல்போடும் தங்கள் கரையில் நிற்கும் படகுகளைப் பார்த்து வரலாம் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.